சிவப்புப் பெட்டி ஏன் கத்தியது?

அத்தியாயம் 14

சாப்பாட்டு மேசைமேல் கண் பார்க்கிற லென்ஸ் பெட்டியின் சாவியை வைத்துவிட்டு, "இனிமே என்னால ஆகாது" என்று மாமியார் எழுந்து போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாத்திரங்கள் வந்த வழியே அடுக்களைக்குத் திரும்பின.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடையின் பின்னறையில் கண் பார்த்துப் பவர் சொல்வது மாமியார். அதற்கும் பின்னால் இருக்கிற பட்டறையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது மூத்த மகன், அதாவது பெரியவன். இளையவனும் கண் பார்க்கிற படிப்பைப் படித்துவிட்டு வந்து, முன்னறையில் ஒரு புது மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வீட்டில் சின்னவன் என்று பெயர். முப்பது வயதானாலும் அந்தப் பெயர் போகவில்லை.

பெரியவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் நம் மருமகள். வெளியே ஒரு கம்பெனியில் வெப்சைட்டுகளுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். கடைக்கும் அவளே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். பவரைத் திரையில் பதிந்தால் போதும், பட்டறையில் சீட்டு தானாக அச்சாகி விழும். அதைப் பார்த்துப் பெரியவன் லென்ஸ் போடுவான். வீட்டில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

வந்தது வினை. சில வாரங்களாக, புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். படிக்க முடியவில்லை என்கிறார்கள், ஊசி கோக்க முடியவில்லை என்கிறார்கள். வருகிற அத்தனை பேரும் மாமியாரிடம் பார்த்துக்கொண்டவர்கள். சின்னவன் பார்த்து அனுப்பிய ஒருவர்கூட வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, மாமியாருக்கும் சேர்த்து. பின்னறையைச் சின்னவனிடம் ஒப்படைத்துவிடுவதாக அவரே சொல்லி, அதற்கு ஒரு நாளையும் குறித்துவிட்டார்.

அந்த நாள் இன்றைக்கு. சாயங்காலம் பின்னறைக் கதவில் சின்னவனின் பெயர்ப்பலகை மாட்ட ஆள் வருகிறான்.

மருமகள் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கண் பார்க்கிற வேலையும் அவளுக்குத் தெரியாது, பட்டறை வேலையும் தெரியாது. மாமியார் தன் நாற்காலியை விட்டு எழுந்து போவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆபீசில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

கடை திறந்த கொஞ்ச நேரத்தில் தையல்கார அம்மா உள்ளே வந்தார். புதுக் கண்ணாடியைக் கவுண்டர்மேல் வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"போட்டாலும் ஒண்ணுதான், கழட்டினாலும் ஒண்ணுதான்மா. எனக்குத்தான் போடத் தெரியலையோ என்னவோ" என்றார்.

முதலில் வந்தபோது, புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்று சின்னவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவரும் பழகிப் பார்த்திருக்கிறார். ஒரு சட்டைக்கு வலது கை நீளமாகவும் இடது கை குட்டையாகவும் போனதுதான் கண்ட பலன்.

மருமகள் கண்ணாடியைப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். பெரியவன் அதைப் பவர் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தான், சீட்டையும் தேடி எடுத்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"சீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் போட்டிருக்கேன்" என்றான்.

"என்ன இருக்கு?"

"ஜீரோ."

படிக்கிற கண்ணாடியில் ஜீரோ பவர் போட்டால் அது ஜன்னல் கண்ணாடிதானே, உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று அவள் கேட்டாள். தையல் வேலையில் நூல் தூசு பறக்கும், கண்ணுக்குத் தடுப்பாகக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டானாம். பெரியவன் அப்படித்தான். சீட்டில் யானை என்று இருந்தால் தும்பிக்கை எந்த அளவில் வேண்டும் என்று கேட்பானே தவிர, யானை எதற்கு என்று கேட்கமாட்டான்.

இதற்குள் மாமியாரே வந்துவிட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இவங்களுக்குத் தூரம் நல்லாத் தெரியுது, கிட்டத்துக்கு மட்டும்தான் கண்ணாடி வேணும்னு நான்தானே சொன்னேன். சொல்லிட்டு ஜீரோன்னா எழுதியிருக்கேன்?"

தையல்கார அம்மாவை உட்கார வைத்து மறுபடியும் கண் பார்த்தார். சரியான பவரைப் பெரியவனிடம் வாயாலேயே சொன்னார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறிப் போய்விட்டார். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறியதை மருமகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அந்தச் சங்கடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். பின்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தையல்கார அம்மாவின் பதிவைத் திறந்தாள்.

பார்த்ததும் குழம்பிப்போனாள். பதிவு சரியாக இருந்தது.

கணக்கு மிகச் சின்னது. தூரத்துக்கு ஒரு பவர் இருக்கும். வயது ஏறினால், கிட்டத்தில் படிக்க அதோடு கொஞ்சம் கூட்ட வேண்டும். தூரத்துப் பவர் ஒரு கட்டத்தில், கூட்ட வேண்டியது இன்னொரு கட்டத்தில். இரண்டையும் கூட்டிச் சீட்டில் அச்சிடுவது புரோகிராமின் வேலை. மாமியார் தூரத்துக்கு 0.00 என்றும், கூட்ட 2.00 என்றும் பதிந்திருந்தார். சீட்டில் 2.00 வந்திருக்க வேண்டும். வந்திருந்ததோ 0.00.

பூஜ்யத்தோடு இரண்டைக் கூட்டினால் பூஜ்யமா? ஒன்றாம் வகுப்பில் இதைச் செய்தால் முட்டி போட வைப்பார்கள். மருமகள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

முன்னறைக்குப் போய்ச் சின்னவனின் மெஷினில் தன் முகவாயை வைத்தாள். மெஷின் அளந்து அனுப்பிய எண்கள் திரையில் இரண்டு கட்டங்களிலும் தாமாக வந்து விழுந்தன. சீட்டு சரியாக வந்தது. பெரியவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவனுக்கும் சரியாக வந்தது. கடைக்கு வந்திருந்த ஒருவரையும் விடவில்லை. எல்லாம் சரி. அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது?

பதிந்தபிறகு அம்மா எதையாவது மாற்றி அழுத்தியிருப்பார், சீட்டு போனபிறகு திருத்தியிருப்பார் என்று சின்னவன் காரணம் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தமும் இருந்தது, சாயங்காலம் வரப்போகிற பலகையின் நினைப்பும் இருந்தது. மருமகளுக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது. அதுதான் உண்மை, மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஏதோ நினைத்துக்கொண்டு, "அத்தை எப்படிப் பதிவாங்க தம்பி? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள்.

"என் மெஷின் அனுப்பறதை அழிச்சிட்டுக் கையால தட்டுவாங்க அண்ணி. மெஷின் சொல்றது ஆரம்பம்தான், முடிவை உட்கார்ந்திருக்கிற ஆள்தான் சொல்லணும்பாங்க. ஒவ்வொரு லென்ஸா போட்டு, இதுவா அதுவான்னு கேட்டு, கடைசியா அவங்களே தட்டுவாங்க. நான் அப்படியே விட்டுடுவேன்."

அவள் பின்னறைக்கு ஓடினாள். மாமியாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு 0.00 என்று தட்டினாள். பக்கத்துக் கட்டத்தில் 2.00 என்று தட்டினாள். பட்டறையிலிருந்து பெரியவனின் குரல் வந்தது.

"யாருக்கு இந்த ஜீரோ?"

எனக்குத்தான் என்று சொல்லத் தோன்றியது அவளுக்கு. அவளுடைய தொழிலில் இதைவிட அரிச்சுவடியான பாடம் வேறு இல்லை.

வெப்சைட்டுகளுக்கு அவள் புரோகிராம் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட்டில். அதற்கு எண் வேறு, எழுத்து வேறு. மெஷின் அனுப்புவது எண்ணாக வருகிறது. கட்டத்தில் கையால் தட்டுவதெல்லாம், பார்க்க எண்போல இருந்தாலும், எழுத்தாகத்தான் வந்து சேரும். இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் ஒழுங்காகக் கூட்டும். இரண்டு எழுத்துத் துண்டுகளைக் கூட்டச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் ஒன்றின் வாலில் மற்றொன்றை ஒட்டிவிடும். இந்த விஷயத்தில் அது பெரியவனுக்குத் தம்பி. 0.00-ம் 2.00-ம் சேர்ந்து 0.002.00 ஆகிவிட்டது. உலகத்தில் அப்படி ஒரு பவர் கிடையாது.

அடுத்த வரியில், வந்த விடையைப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கமாக வெட்டச் சொல்லியிருந்தாள். அது எண்ணுக்கு மட்டும் தெரிந்த வேலை. எழுத்தைப் போய் அந்த வேலையைச் செய்யச் சொன்னால், 'டைப் எரர்' என்று புரோகிராம் அங்கேயே உட்கார்ந்துவிடும். நகராது. நீ எண் என்று நினைத்துக்கொண்டிருப்பது எண் இல்லை, போய்ப் பார் என்று அதற்கு அர்த்தம். அப்படி உட்கார்ந்துவிட்டால் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வரும்படி வைத்திருந்தாள்.

சிவப்புப் பெட்டி வரத்தான் செய்தது. புரோகிராம் புதிதாக வந்த நாட்களில், மாமியார் தட்டும்போதெல்லாம் வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் கண்ணுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தார்கள். மாமியார் மருமகளின் ஆபீசுக்கே போன் செய்தார். அந்தச் சிவப்புப் பெட்டி வராமல் பண்ணிவிடு, மானம் போகிறது என்றார். மருமகளுக்கு அன்றைக்கு ஆபீசில் தலைக்குமேல் வேலை. சின்னவனுக்கு வராதது இவருக்கு மட்டும் ஏன் வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ஏதோ மாற்றித் தட்டுகிறார் என்று முடிவுகட்டினாள்.

அந்த இடத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டாள். 'செய்து பார், முடியாவிட்டால் பிடித்துக்கொள்' என்று அதற்கு அர்த்தம். பிடித்ததை என்ன செய்வது? புரிகிற மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு மேலே போ என்று எழுதிவிட்டாள். 0.002.00-ல் இரண்டாவது புள்ளி வரைக்கும் புரியும். 0.002 என்றால் ஏறக்குறைய பூஜ்யம். சீட்டில் 0.00 அச்சாகும். பக்கத்திலேயே 'பிறகு சரியாகப் பார்க்க வேண்டும்' என்று தனக்குத் தானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தாள். இப்போது அந்தக் குறிப்பைப் படித்தபோது அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஆகக்கூடி, வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதன் வாயை அடைத்தாயிற்று. அதற்குப் பிறகு மாமியார் தட்டிய ஒவ்வொரு படிக்கிற கண்ணாடியும் வெறும் தூரத்துப் பவரோடு வாசல் தாண்டிப் போயிருக்கிறது.

மருமகள் வேலியைப் பிடுங்கினாள். உடனே சிவப்புப் பெட்டி முளைத்தது. அதைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, கட்டத்தில் தட்டியது உள்ளே வரும்போதே அதை எண்ணாக மாற்றும்படி எழுதினாள். மாற்ற முடியாவிட்டால் சீட்டே போகக்கூடாது; எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று தமிழில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். மாமியாரின் எண்களை மறுபடி தட்டினாள். பட்டறையில் 2.00 விழுந்தது. பெரியவன் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

சின்னவன் பின்னால் வந்து நின்றிருந்தான். திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்ப அம்மா மேல தப்பே இல்லையா அண்ணி? பழகிடும்னு நான்தான் எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டு இருந்தேன்" என்றான்.

மாமியார் கையால் தட்டிய பதிவுகளைத் திரையில் வரவழைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வரச்சொல்லும்படி அவனிடம் சொன்னாள். அவன் போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். திரும்பி வந்து புகார் சொன்னவர்களின் பதிவுகளை மட்டும் அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். தையல்கார அம்மா, சரி. மருந்துக்கடைக்காரர், சரி. எல்லாம் இதே ஒட்டுப்போட்ட கணக்குதான்.

ஸ்கூல் வேன் டிரைவர்.

அங்கே நின்றாள். அவர் இளவயதுக்காரர். தூரத்துக்கு மட்டும்தான் கண்ணாடி. கூட்டுவதற்கு எதுவுமே இல்லை. புரோகிராம் அவர் விஷயத்தில் தட்டியதை வாங்கி அப்படியே அச்சிட்டதோடு சரி. ஆனாலும் தலைவலி, ஒரு பக்கம் மங்குகிறது என்று அவரும் வந்துபோயிருக்கிறார்.

அவருடைய போன வருஷத்துப் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலது கண்ணுக்குக் குறைந்த பவர், இடது கண்ணுக்கு அதிகம். இந்த வருஷம் அதே எண்கள்தான், ஆனால் வலது இடதாகவும் இடது வலதாகவும் இருந்தன. பதிந்தது மாமியார்.

மருமகள் தன் புரோகிராமைத் தலைகீழாகப் புரட்டினாள். எப்படியாவது தன் தப்பாக இருந்துவிடக்கூடாதா என்று தேடினாள். இப்படி ஒரு தேடலை அவள் தொழிலில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அகப்படவில்லை. கை தவறியதா, கவனம் தவறியதா, வேறு ஏதாவதா? இப்போதுதான் தெளிந்த தலை மறுபடியும் குழம்பிப்போனது.

சின்னவனிடம் சொல்லாமல் டிரைவருக்குத் தானே போன் செய்தாள். புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுக்கொள்ளுங்கள், கையோடு கடைக்கு வாருங்கள் என்றாள். பிறகு மாடிக்குப் போனாள்.

மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். லென்ஸ் பெட்டியின் சாவி மேசைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. மருமகள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எண், எழுத்து, ஒட்டு என்று அவள் சொன்னதில் பாதி மாமியாருக்குப் பிடிபடவில்லை.

"நீங்க தட்டினதெல்லாம் சரி அத்தை. என் புரோகிராம்தான் கூட்டத் தெரியாம ஒட்டிடுச்சு. ஒட்டிட்டு, தப்புன்னு அதுவே கத்துச்சு. நான்தான் வாயை அடைச்சேன்."

"நான்தானே அடைக்கச் சொன்னேன்."

"நீங்க சத்தம் வேணாம்னுதான் சொன்னீங்க. ஏன் கத்துதுன்னு பார்க்க வேண்டியது நான்."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். நிம்மதியாக ஒரு மூச்சு விடுவார் என்று மருமகள் எதிர்பார்த்தாள். அவர் அழுதார். சத்தமில்லாமல், முகத்தைத் திருப்பாமல் அழுதார்.

"உன் புரோகிராம்ல தப்பு இருக்குமான்னு பார்க்க உனக்கு இத்தனை வாரம் ஆச்சு. எனக்கு வயசாயிடுச்சுன்னு முடிவு பண்ண யாருக்கும் ஒரு நாள்கூட ஆகலை. நானும் உங்களோட சேர்ந்து நம்பிட்டேன் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை."

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாருக்கும் இதே காரணம்தானா? ஒருத்தர் விடாம?"

மருமகளுக்கு வேன் டிரைவரின் பதிவு கண்முன்னால் வந்தது. வலது, இடது. இடது, வலது. அவள் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா அத்தை. எல்லாருக்கும் இதேதான்."

மாமியார் எழுந்தார். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இந்தத் தடவை கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினார்.

கீழே பலகை மாட்டுகிற ஆள் சொன்னதற்கு முன்பே வந்து, கதவை அளந்துகொண்டிருந்தான். மாமியார் பலகையை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். எழுத்து நல்லாத்தான் இருக்கிறது, சின்னவனின் முன்னறையில் மாட்டிவிட்டுப் போ என்று திருப்பிக் கொடுத்தார். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பட்டறை வாசலில் நின்றிருந்த பெரியவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

மாமியார் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் இருக்கிறவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.

வந்தது வேன் டிரைவர். பழைய கண்ணாடி முகத்தில் இருந்தது, புதியது கையில் இருந்தது.

"தெரியும் தம்பி, உட்காருங்க. உங்க கண்ணுல ஒண்ணும் இல்லை, கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு. என் மருமக கண்டுபிடிச்சிட்டா" என்றார் மாமியார். இத்தனை வாரங்களுக்குப் பிறகு அவர் குரலில் பழைய கம்பீரம் வந்திருந்தது. அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"இவரோட பதிவைத் திறம்மா. அது என்னத்தைக் கூட்டி வச்சிருக்குன்னு நானும் ஒரு தடவை பார்க்கிறேன்."

மருமகள் மவுஸ்மேல் கையை வைத்தாள். அழுத்தவில்லை.